டிக்கெட்டில் உள்ள நேரம்

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு நீ போட்டிருக்கும் டிக்கெட்டைப் பார்த்தேன். வர ஆறு மணித்தியாலம், போக மூன்றுதானா என்று கேட்டிருந்தாய். இரண்டும் பிழை. ஏறும் நேரம் ஏறுகிற ஊர் மணிக்கூடு, இறங்கும் நேரம் இறங்குகிற ஊர் மணிக்கூடு. டுபாயைவிட நம் நேரம் ஒன்றரை மணித்தியாலம் முந்தியது. அங்கே 2.40க்கு ஏறி கட்டுநாயக்க விமான நிலையத்தில் 8.35க்கு இறங்குகிறாய்: 5.55இல் ஒன்றரையைக் கழி, 4.25. திரும்பும்போது 2.50க்கு ஏறி 5.55க்கு இறக்கம்: 3.05உடன் ஒன்றரையைக் கூட்டு, 4.35.

தூரம் சுமார் 3,300 கிலோமீற்றர். மணிக்கு 900 என்று வகுத்தால் நாலு மணித்தியாலம்கூட வராது. ஓடுபாதை வரை ஊர்வது, மேலே ஏறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் மிச்சம். தை மாதத்தில் மேலே காற்று மேற்கிலிருந்து வீசும். எதிரே 80 வேகத்தில் காற்று வந்தால், 900இல் பறக்கிற விமானம் தரைக்கு 820தான் போகும். அதனால்தான் போக்கு கொஞ்சம் நீளம்.

சென்னை வழியாக மலிவு டிக்கெட் என்றாயே, வேண்டாம். கொழும்பு–சென்னை சுமார் 680, அங்கிருந்து டுபாய் சுமார் 2,900. தூரம் பெரிதாக அதிகரிக்காது, காத்திருப்புத்தான் நாளைத் தின்னும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி போட வெளியே வர வேண்டும். அதற்கு இந்திய விசா தேவை. முதல் விமானம் பிந்தி இரண்டாவது போய்விட்டால் காசும் போச்சு.

எல்லாரும் கோட்டை விடுவது திகதியில்தான். நீ திரும்பிப் போவது 18ஆம் திகதி அதிகாலை 2.50 என்றால் 17ஆம் திகதி பின்னேரமே வீட்டில் இருந்து கிளம்ப வேண்டும். 18ஆம் திகதி இரவுக்குப் பெட்டி கட்டினால், விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடியாக +1 என்று இருந்தால் அது மறுநாள், அதையும் பார்.

கட்டுநாயக்கவுக்கு இங்கிருந்து 150 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனாலும் வேனுக்கு ஐந்து மணித்தியாலம், நீ பறப்பதைவிடக் கூட. கினிகத்தேனையில் பனி மூடினால் முன்னால் போகிற லொறியின் பின்விளக்கு மட்டும்தான் தெரியும். மழை என்றால் கித்துல்கல வரை மண் சரியும், கல் உருளும். வெளிச்சத்திலேயே அதைத் தாண்ட 4.30க்குக் கிளம்பினால், 9.30க்குப் போய்ச் சேரலாம். மூன்று மணித்தியாலம் முந்தி நிற்க வேண்டும் என்றால் 11.50, ஆக, பாதை மறிபட்டாலும் இரண்டேகால் மணித்தியாலம் கையில் இருக்கும். செக்-இன் பொதுவாக ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி மூடிவிடுவார்கள், கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள்.

வேன்காரரிடம் "பதினெட்டாம் திகதி பிளைட்" என்று நீ சொல்லாதே. 17ஆம் திகதி பின்னேரம் நாலரைக்கு வாசலில் நிற்கச் சொல்லி நானே சொல்லிவைக்கிறேன்.

அப்பா