மீட்டரை நம்பி வாங்காதே, கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே இருவரும் நலம். எஸ்பிரெசோ காப்பி இயந்திரம் வாங்கியாகிவிட்டது, அதற்கும் குடிப்பதற்குமாகச் சேர்த்து ஒரே தண்ணீர் வடிகட்டி பார்க்கிறோம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே, கண்ணு. முதலில் இதைப் படி.

தை மாதம் வேளச்சேரிக்கு வந்திருந்தபோது, நீ கழுவிக் கவிழ்த்திருந்த கண்ணாடித் தம்ளரில் வெள்ளை வளையம் ஒன்றைப் பார்த்தேன். நகத்தால் சுரண்டியும் போகவில்லை. எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டதும் மெல்லப் பொங்கிக் கரைந்தது. சுண்ணாம்பு! தம்ளரில் வளையமாகத் தெரிகிற அதுதான், உன் இயந்திரத்தின் கொதிக்கும் பாய்லருக்குள் ஓடாகப் படியும். நம் பழைய கெய்சரின் கம்பிச்சுருளை வெளியே எடுத்தபோது விரல் பருமனுக்குப் படிந்திருந்ததே, நினைவிருக்கிறதா?

விற்க வருகிறவர் டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் நனைத்து ஓர் எண்ணைக் காட்டுவார். அது கரைந்த உப்புகளின் மொத்தக் கணக்கு. கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்பு போன்ற தாதுக்கள், எவ்வளவு, சமையல் உப்பில் இருக்கிற குளோரைடு எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. கடினத்தன்மை குழாயை அடைக்கும். குளோரைடு மிகுந்தால் துருப்பிடிக்காத எஃகையே அரிக்கும். குடிநீருக்கு நம் நாட்டுத் தரநிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை டி.டி.எஸ். ஏற்கத்தக்கது என்கிறது. காப்பிக்கு 150 அளவில் இருப்பது நல்லது. ஆகவே குடிக்கத் தகுந்த தண்ணீரெல்லாம் இயந்திரத்துக்குத் தகுந்தது ஆகிவிடாது.

உன் வீட்டில் வருவது போன்ற, உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு, சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ.தான் வழி. ஆனால் அது உப்பைப் பெரும்பாலும் எடுத்துவிடுவதால் காப்பி சப்பென்று ஆகிவிடும். சில இயந்திரங்களின் நீர்மட்ட உணரிக்குத் தண்ணீர் இருப்பதே தெரியாது. அதனால் ஆர்.ஓ.வுக்குப் பின் தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கட்டும். "டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருக்கிறது" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அது வடிகட்டாத தண்ணீரையே கொஞ்சம் கலந்து, நாம் விரட்டிய சுண்ணாம்பை மறுபடி உள்ளே விடுகிறது.

இங்கே வரும்போதெல்லாம் அம்மா போடும் காப்பியின் ருசியே தனி என்பாய். பாதிப் பெருமை சிறுவாணித் தண்ணீருக்கு. அதன் மென்மையை உன் சமையலறையில் கொண்டுவர முடியும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சுத்தமான பாட்டிலில் இரண்டு லிட்டர் பிடித்து நீர் ஆய்வகத்தில் கொடு. கடினத்தன்மை, குளோரைடு இரண்டையும் கேட்டு வாங்கு. அறிக்கையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
அப்பா