செயலாளரின் ஆண்டறிக்கை: பக்கத் தண்டவாளத்தில் நின்ற படுக்கைப் பெட்டி

தலைவர் அவர்களே, காப்பாளர்களே, அங்கத்தவர்களே, தோட்டங்களிலிருந்து மழையையும் பாராமல் வாசிகசாலைக்கு வந்திருக்கும் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

நமது புகையிரத நிலையத்தின் பக்கத் தண்டவாளத்தில் நிற்கும் பழைய படுக்கைப் பெட்டியை அடுத்த பொதுக்கூட்டத்துக்குள் ஒரு கொட்டகையின் கீழ் கொண்டுவந்துவிடுவோம் என்று சென்ற ஆண்டு இதே இடத்தில் நின்று சொல்லியிருந்தேன். அது நடக்கவில்லை. ஆவணி மாதத்தில் அந்தப் பெட்டியை வெட்டி, பழைய இரும்பாக லொறிகளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வேறு எதையும் வாசிக்கும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று செயற்குழு விரும்பியது. நானும் அதையே விரும்பினேன்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஆடி மாதக் கூட்டம் மட்டும் மண்சரிவால் வீதி மூடப்பட்டு ஒரு வாரம் தள்ளிப் போனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பாடசாலைப் பிள்ளைகளைக் கடுகண்ணாவை தேசிய புகையிரத நூதனசாலைக்கு அழைத்துச் சென்றோம். 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடியது. 150 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், 2014இல், அந்த நூதனசாலை திறக்கப்பட்டது. பழைய இன்ஜினின் சக்கரத்தோடு முதுகை ஒட்டி நின்று தன் உயரத்தை அளந்து பார்த்த சிறுமியின் முகத்தை மறக்க முடியவில்லை. பொருள் கண்முன்னே நின்றால் பிள்ளைகளுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படுவதில்லை.

இனி பெட்டியைப் பற்றி.

பதுளைக்கும் கொழும்புக்கும் இடையே இரவு மெயில் கோச்சியில் ஓடிய முதல் வகுப்புப் பெட்டி அது. இரும்புச் சட்டத்தின் மேல் தேக்கு மரத்தால் கட்டிய உடல். ஒரு பக்கம் முழுவதும் நடைவழி. மறுபக்கம் இருவர் இருவராகப் படுக்கும் அறைகள். கூரை பலகையால் ஆனது. பலகையின் மேல் கித்தான் துணியை இழுத்து ஒட்டி, கனமாக வண்ணம் பூசியிருந்தார்கள். அந்தக் கித்தான்தான் பெட்டியின் உயிர் என்பதை நாம் காலம் கடந்தே விளங்கிக்கொண்டோம்.

தேக்கு உளுக்காது என்று நம்பியிருந்தோம். உண்மைதான், தேக்கு உளுக்கவில்லை. கித்தான் ஓரிடத்தில் கிழிந்தது. மழைநீர் கூரைப் பலகையில் ஊறி, அறைச் சுவர்களின் உச்சி வழியாக உள்ளிறங்கித் தரையில் தேங்கியது. தேக்கைச் சட்டத்தோடு பிணைத்திருந்த இரும்புத் திருகாணிகள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்துத் தலை கழன்றன. கடைசியில் பலகை நல்ல பலகையாகவே இருந்தது, ஆனால் எதிலும் ஒட்டாமல் நின்றது. ஓய்வுபெற்ற தச்சரான நமது மூத்த அங்கத்தவர் ஒரு கதவுநிலையில் கையை வைத்து மெல்லத் தள்ளினார். முழுச் சுவரும் ஒரு சாண் அசைந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். யாரிடமும் ஒன்றும் பேசவில்லை.

மூன்று ஆண்டுகளாகக் கடிதம் எழுதினோம். ஒவ்வொரு கடிதத்திலும் பெட்டி முழுவதையும் கேட்டோம். அதற்கு நிலமும் கொட்டகையும் கேட்டோம். கோப்புகள் ஒரு மேசையிலிருந்து மறுமேசைக்கு நகர்ந்தன. அந்த மூன்று ஆண்டும் மழை பெய்துகொண்டிருந்தது. முதல் கடிதத்தில் பெட்டியின் மேல் ஒரு படங்கு விரிக்க மட்டும் அனுமதி கேட்டிருந்தால், நிலைய மட்டத்திலேயே அது கிடைத்திருக்கும் என்று இப்போது நம்புகிறேன். பெட்டியைக் கேட்டவர்கள், பெட்டி நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தக் கடிதங்களை எழுதியவன் என்ற முறையில் இந்தப் பிழையை இங்கே பதிவு செய்கிறேன்.

படுக்கைப் பெட்டிகளின் தலைவிதி எங்கும் இதைப் போன்றதுதான் என்பதை வாசிப்பு வட்டத்தின் கார்த்திகை மாத உரையில் கேட்டோம். இருக்கைப் பெட்டி பழசானால் வேறொரு பாதையில் ஓடும். சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்ட படுக்கைப் பெட்டி இரவு வண்டி இல்லாத இடத்தில் எதற்கும் உதவாது. அமெரிக்காவில் புல்மன் நிறுவனம் 1968 இறுதியோடு படுக்கைப் பெட்டிச் சேவையை நிறுத்தியது. அதன் பெட்டிகள் பல, தண்டவாளம் பழுதுபார்க்கும் தொழிலாளர் தங்கும் கூடங்களாகி, பிறகு பழைய இரும்புக்குப் போயின. பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வெளியே போர்த்தி, உள்ளே சாதாரண எஃகு வைத்துக் கட்டிய பெட்டிகளும் அங்கே உண்டு. இரண்டு தகடுகளுக்கும் நடுவே நீர் புகுந்து, வெளியே மினுக்கம் குறையாமலே உள்ளே அரித்துப் போயின. ஆனால் பிலடெல்பியாவின் பட் நிறுவனம் கனேடியன் பசிபிக் புகையிரதத்துக்கு முழுவதும் துருப்பிடிக்காத எஃகாலேயே 173 பெட்டிகள் கட்டிக் கொடுத்தது. 1955இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டியின் படுக்கைப் பெட்டிகள் இன்றும் கனடாவைக் குறுக்கே கடந்து ஓடுகின்றன. நமது மலைப்பாதைக்கு அது தூரத்துச் செய்தி அல்ல. அதற்கு முந்திய ஆண்டான 1954இல்தான், கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம்2 வகை டீசல் இன்ஜின்கள் அந்த நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி இங்கே வந்திறங்கின.

அதே உரையில் கேட்ட இன்னொரு செய்தி என்னை இரவு முழுவதும் தூங்கவிடவில்லை. போலந்துக்கும் பெலாருஸுக்கும் இடையிலான எல்லையில், ஒரு பக்கத் தண்டவாளத்தில், ஐரோப்பாவின் புகழ்பெற்ற சொகுசு வண்டியான ஓரியன்ட் எக்ஸ்பிரஸின் பெயரில் ஓடிய 17 பழைய பெட்டிகள் கேட்பாரற்று நிற்பதை 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஆர்தர் மெட்டெட்டால் தேடிக் கண்டுபிடித்தார். அவற்றில் பெரும்பாலானவை படுக்கைப் பெட்டிகள். உள்ளே மரத்தில் மரம் பதித்த பூவேலைப்பாடுகள் கெடாமல் இருந்தன. பிறகு ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனம் அவற்றை வாங்கிக்கொண்டது. அங்கே ஒருவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நமது பெட்டி நின்றதோ நாம் தினமும் பால் வாங்கப் போகும் வழியில்.

வெட்டிய நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கு வாயு வெட்டியின் சத்தம் கேட்டு ஓடினோம். வேலையை நடத்திய மேற்பார்வையாளர் நல்ல மனிதர். மரப் பொருட்களில் வேண்டியதை மாலை நான்கு மணிக்குள் எடுத்துக்கொள்ளலாம், பற்றுச்சீட்டில் எழுதித் தருகிறேன் என்றார். ஒரு மேற்படுக்கை, அதைத் தாங்கிய இரண்டு பித்தளைக் கொக்கிகள், சுவருக்குள் மடிந்து மறையும் கைகழுவும் தொட்டி, 5 என்று எண் பதித்த கதவு, நடைவழிக் கோடியிலிருந்த துணி அலமாரியின் கதவு ஆகியவற்றை மீட்டோம். இளைஞர் அணியினர் அன்று மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை.

அலமாரிக் கதவை வாசிகசாலைக்குக் கொண்டுவந்து துடைத்தபோதுதான் உட்பக்கத்தைப் பார்த்தோம். பென்சிலால், தமிழில், வரிசை வரிசையாகக் கணக்கு எழுதியிருந்தது. ‘விரிப்பு 14. தலையணை உறை 14. கம்பளி 13.’ அதன் கீழே, ‘ஒன்று குறைவு. நானுஓயாவில் கேட்க வேண்டும்.’ எழுத்து சாய்ந்திருந்தது. ஓடும் வண்டியில் நின்றுகொண்டு எழுதியது. குறைந்த கம்பளிக்காகச் சம்பளத்தில் கைவைப்பார்களோ என்ற கவலை அந்த ஒரு வரியில் அப்படியே இருக்கிறது.

தைப்பொங்கலுக்குப் பிந்திய கூட்டத்தில் ஓர் அங்கத்தவர் எழுப்பிய கேள்விக்கு இங்கே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். துரைமார் படுத்துறங்கிய கட்டிலை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். ரயில் பாதை 1867இல் கண்டியையும் 1885இல் நானுஓயாவையும் தொட்டது கோப்பிக்கும் தேயிலைக்குமாகவே தவிர, நமக்காக அல்ல. நம்மில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் நமது உறவுகளைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற வண்டியை ஒப்பாரிக் கோச்சி என்று நமது தாய்மார் பெயரிட்டு அழைத்தார்கள். அந்த வண்டியில் யாருக்கும் வெள்ளை விரிப்பு விரிக்கவில்லை.

இருந்தும் அந்தக் கட்டிலுக்கு விரிப்பு விரித்தது யார்? அமெரிக்கப் படுக்கைப் பெட்டிகளில் பணிசெய்த கறுப்பினத்தவர் எல்லோரையுமே, முதலாளி ஜோர்ஜ் புல்மனின் பெயரால், ‘ஜோர்ஜ்’ என்று பயணிகள் அழைத்தார்கள். அந்தப் பணியாளர்கள் 1925இல் ஏ. பிலிப் ரண்டோல்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, 12 ஆண்டுகள் போராடி, 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சிக்காகோவில் இன்று அவர்கள் பெயரால் ஒரு நூதனசாலை இருக்கிறது. இங்கே நமது முன்னோரை ‘ராமசாமி’ என்ற ஒரே பெயரால் அழைத்த காலம் ஒன்று இருந்தது. அலமாரிக் கதவில் எழுதியவர் தம் பெயரை எழுதிவைக்கவில்லை; அவர் கையெழுத்து மட்டும் நம்மிடம் இருக்கிறது. கட்டிலை எரித்தால் துரைக்கு ஒரு நட்டமும் இல்லை. இவருக்குத்தான் இருந்த ஒரே சாட்சியும் போய்விடும்.

அதே அங்கத்தவர், மூன்றாம் வகுப்புப் பலகை ஆசனங்களையும் காக்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னார். செயற்குழு அதை முழுமனதோடு ஏற்றது. நமது பாட்டன்மார் மடியில் மூட்டையோடு உட்கார்ந்தபடியே இரவைக் கழித்த ஆசனங்கள் அவை. படுக்கையையும் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த இரவு வண்டி எப்படிப்பட்டது என்பது பிள்ளைகளுக்குப் புரியும்.

இதே தண்டவாளத்தின் கோடியில், கற்பூரமரங்களுக்கு அடியில், பழைய மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்று இன்னும் நிற்கிறது. இம்முறை பெட்டியைக் கேட்கவில்லை. மூடிவைக்க அனுமதி கேட்டோம். இரண்டு வாரத்தில் எழுத்தில் கிடைத்தது. லொறிக்குப் போடும் பெரிய படங்கு ஒன்றை அங்கத்தவர் ஒருவர் இலவசமாகத் தந்தார். ஐப்பசி மழைக்கு முன் கூரையைப் பெருக்கி, தேங்கிய இலைகளை அள்ளி, படங்கை விரித்துக் கட்டினோம். பெட்டியைப் பெறுவதற்கான விண்ணப்பம் தனியே போயிருக்கிறது. அது எவ்வளவு காலம் எடுத்தாலும் உள்ளே ஈரம் இல்லை. சென்ற வாரம் நானே ஏறி ஆசனங்களுக்கு அடியில் கைவைத்துப் பார்த்தேன்.

இந்த ஆண்டு நம்மைவிட்டுப் பிரிந்த இரு மூத்த அங்கத்தவர்களுக்கும் சங்கத்தின் அஞ்சலி. மீட்ட பொருட்களை வைக்க இடம் தந்த வாசிகசாலை நிர்வாகத்துக்கும், அன்று சுமந்த இளைஞர்களுக்கும், கதவைத் துடைத்து அந்த எழுத்தை முதலில் கண்ட மாணவிக்கும் நன்றி.

படங்கின் மேற்குப் பக்கக் கயிறுகள் இரண்டு காற்றில் தளர்ந்திருக்கின்றன. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏணியோடு வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்