ஒரே வயதில் அப்பாவும் மகனும்

அன்பு மகளுக்கு,

பேரனுடன் உட்கார்ந்து பார்க்க ஏற்ற படம் ஒன்றைச் சொல்லும்படி கேட்டிருந்தாய். ‘பேக் டு த ஃபியூச்சர்’ உன் நினைவுக்கு வந்ததாகவும், 1985-இல் வெளிவந்த படம் இன்றைய பிள்ளைக்குப் பிடிக்குமா என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். தயங்காமல் போட்டுக் காட்டு. அந்தப் படத்தில் மார்ட்டி என்ற பையன் 1985-இலிருந்து 30 ஆண்டுகள் பின்னோக்கி 1955-க்குப் போகிறான். உன் மகனுக்கோ இரண்டு ஆண்டுகளுமே தாத்தா காலம்தான் என்பதால், படம் பழையதாகிவிட்டதே என்ற குறை அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

கால இயந்திரமான டெலோரியன் கார், காலம் தாண்ட அது எட்ட வேண்டிய மணிக்கு 88 மைல் வேகம், அதைச் செய்த விஞ்ஞானி டாக் பிரவுனின் பரட்டைத் தலை ஆகியவை அவனை முதல் அரைமணி நேரத்திலேயே பிடித்து இழுத்துவிடும். ஆனால் இந்தப் படம் குடும்பத்தோடு பார்க்கும் படமாக நிலைத்ததற்குக் காரணம் வேறு என்று நான் நினைக்கிறேன். கதையை இயக்குநர் ராபர்ட் செமெக்கிஸுடன் சேர்ந்து எழுதிய பாப் கேல், தம் தந்தையின் பள்ளி ஆண்டு மலரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அந்த வயதில் அவரோடு ஒரே பள்ளியில் படித்திருந்தால் நாம் நண்பர்களாக இருந்திருப்போமா என்று யோசித்தாராம். படம் முழுவதும் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. எல்லாப் பிள்ளைகளின் மனத்திலும் ஒருமுறையேனும் எழுந்து, கேட்காமலே அடங்கிப் போகிற கேள்வி அது.

மார்ட்டியின் அம்மா லொரெய்னைக் கவனித்துப் பார். 1985-இல் இரவுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தன் காலத்தில் தான் எந்தப் பையனையும் தேடிப் போனதில்லை, நிறுத்திய காரில் யாரோடும் உட்கார்ந்ததில்லை என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். 1955-இல் அதே லொரெய்ன் புட்டியோடும் சிகரெட்டோடும் காரில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு மார்ட்டி திகைத்துப் போகிறான். அம்மாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் தங்கள் இளமைக் கதை தணிக்கையான பிரதி என்பது எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரிவதைத்தான் நாங்கள் விரும்புவதில்லை. அந்த இடத்தில் உன் மகன் ஒரு காரணத்துக்காகச் சிரிப்பான், நீ வேறொரு காரணத்துக்காகச் சிரிப்பாய். அவன் உன் பக்கம் திரும்பி ஏதாவது கேட்டால், என்ன பதில் சொல்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்.

அப்பா ஜார்ஜின் பகுதி இன்னும் நுட்பமானது. தொடக்கத்தில் மார்ட்டி தன் இசைப் பதிவை யாருக்கும் அனுப்பத் துணியாமல், நீ எதற்கும் லாயக்கில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று காதலியிடம் புலம்புகிறான். பின்னர் 1955-இன் பள்ளி உணவகத்தில், தான் எழுதிய அறிவியல் கதைகளை யாருக்கும் காட்டாத இளைஞன் ஜார்ஜ், ஏறக்குறைய அதே சொற்களைச் சொல்கிறான். அதுவரை கோழை என்று நினைத்திருந்த அப்பாவின் வாயிலிருந்து தன் பயமே வெளிவருவதை மார்ட்டி கேட்கிறான். இதற்கு வசனமோ விளக்கமோ தனியாக வைக்காமல் படம் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது.

திரைக்கதையின் கட்டுக்கோப்புக்கு ஒரே ஒரு சான்று சொல்கிறேன். ஊரின் பழைய மணிக்கூண்டைக் காப்பாற்ற நிதி திரட்டும் பெண்மணி மார்ட்டியின் கையில் ஒரு துண்டறிக்கையைத் திணிக்கிறாள். அவன் அதைக் கசக்கி எறியாமல் சட்டைப் பையில் வைத்திருப்பதற்கு ஒரே காரணம், அதன் பின்புறத்தில் காதலி தொலைபேசி எண்ணை எழுதித் தந்திருப்பதுதான். 1955 நவம்பர் 12 இரவு 10:04-க்கு அந்தக் கூண்டில் மின்னல் விழுந்தது என்ற செய்தி அதில்தான் இருக்கிறது. அவன் 1985-க்குத் திரும்பக் கால இயந்திரத்துக்கு வேண்டிய 1.21 கிகாவாட் மின்சாரமும் அந்த மின்னலிலிருந்தே கிடைக்கிறது. முதல் முறை பார்க்கும்போது அந்தத் துண்டறிக்கை யார் கண்ணிலும் படாது.

பெற்றோர் என்ற முறையில் நீ அறிந்திருக்க வேண்டியவையும் உண்டு. வசைச் சொற்கள் ஆங்காங்கே வருகின்றன, தொடக்கத்தில் துப்பாக்கிச் சூடு இருக்கிறது. பள்ளி நடன இரவன்று காருக்குள், ஜார்ஜை எப்போதும் மிரட்டும் முரடன் பிஃப் லொரெய்னிடம் வலுக்கட்டாயமாக நடந்துகொள்ளும் காட்சியைச் சிரிப்பாகக் கடந்து போக விடாதே. அங்கே படத்தை நிறுத்திப் பேசினாலும் தவறில்லை. மகன் என்று தெரியாமல் அம்மாவே மார்ட்டிமேல் மையல் கொள்வதைப் பற்றிக் கவலைப்படாதே. டிஸ்னி நிறுவனம் அதற்காகவே கதையை ஒதுக்கியதாகச் சொல்வார்கள். படமோ அந்தச் சங்கடத்தை ஒரே முத்தத்தில் வேடிக்கையாக முடித்துவிடுகிறது. கால இயந்திரத்தை முதலில் குளிர்பதனப் பெட்டியாக எழுதியிருந்தவர்கள், குழந்தைகள் பார்த்துவிட்டு வீட்டுப் பெட்டிக்குள் ஏறிவிடுவார்களோ என்று அஞ்சிக் காராக மாற்றினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

முடிவு மட்டும் எனக்கு முழுச் சம்மதமில்லை. ஜார்ஜுக்குத் துணிவு வந்தது சரி, அவன் எழுதிய நாவல் அச்சாகி வீட்டு வாசலுக்கு வருவதும் சரி. ஆனால் குடும்பம் நன்றாக இருக்கிறது என்று காட்டப் புதிய வண்டியும் பளபளக்கும் வீடும் ஏன் வேண்டியிருந்தன என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். உன் மகனுக்கு அந்த வண்டிதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

படம் 116 நிமிடங்கள் ஓடும். இரண்டாம் பாகத்தை அன்றே போடாதே. இன்னொன்று: தொடக்கத்தில் வணிக வளாகத்தின் பெயர்ப்பலகையில் ‘இரட்டைப் பைன்’ என்றிருக்கும். 1955-இல் மார்ட்டி, அதே இடத்தில் அப்போதிருந்த ஒரு விவசாயியின் நிலத்தில் பைன் கன்று ஒன்றைக் காரால் இடித்துச் சாய்த்துவிட்டு ஓடுவான். அவன் திரும்பி வரும்போது பலகையில் ‘ஒற்றைப் பைன்’ என்றிருக்கும். இதை உன் மகனிடம் சொல்லிவிடாதே. அவனாகவே கண்டுபிடித்தால் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா