உளவியலுக்குக் கணக்கு வேண்டாம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் பத்திரிகைகளின் கல்விப் பக்கங்களிலும் வழிகாட்டி முகாம்களிலும் "கணக்கு வராதவர்கள் உளவியல் எடுக்கலாம்" என்ற யோசனை தவறாமல் வந்துவிடுகிறது. நான் இளங்கலை உளவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அந்த யோசனையை நம்பிச் சேர்ந்தவர்கள் என் வகுப்பிலேயே நிறைய பேர். ஸ்டாட்ஸ் (புள்ளியியல்) பேப்பர் வந்ததும் அவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

புள்ளியியல் தெரியாமல் சமூக உளவியல் (சுற்றியிருப்பவர்களும் சூழ்நிலையும் நம் நடத்தையை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கும் பிரிவு) படித்தால் கையில் மிஞ்சுவது கதைகள் மட்டும்தான். யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்தி 1963-ல் வெளியிட்ட சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். தவறாகப் பதில் சொல்பவருக்கு மின் அதிர்ச்சி கொடு என்று ஒரு அதிகாரி சொல்லச் சொல்ல (உண்மையில் மின்சாரம் எதுவும் பாயவில்லை, அடுத்த அறையில் இருந்தவர் நடித்தார்) 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். இதைத்தான் "65 சதவீத மனிதர்கள் கீழ்ப்படிவார்கள்" என்று நாங்கள் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் 40 பேரை வைத்துக் கிடைத்த 65 என்பது, பிழை வரம்பைக் கணக்குப் போட்டால், ஏறத்தாழ 50-லிருந்து 80 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதுவும் அந்த 40 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்திருந்தால்தான் பொருந்தும், அவர்களோ விளம்பரம் பார்த்து வந்தவர்கள், எல்லோரும் ஆண்கள், நியூ ஹேவன் ஊரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்கள். அதிகாரி அறையில் இல்லாமல் போனில் உத்தரவு கொடுத்தபோது கடைசிவரை போனவர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால் 65 என்பது மனித இயல்பின் எண் இல்லை, அந்த அறையின், அந்தச் சூழ்நிலையின் எண் என்று புரியும். என்னைக் கேட்டால் மில்கிராமிடம் கற்க வேண்டியதே இதுதான்.

சாலமன் ஆஷ் கோடுகளை வைத்துச் செய்த சோதனையும் அப்படித்தான். எந்தக் கோடு சம நீளம் என்று கேட்பார்கள், கூட இருப்பவர்கள் முன்பே பேசிவைத்தபடி தப்பாகச் சொல்வார்கள், விஷயம் தெரியாத ஒருவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பார்கள். கூட்டம் தப்பாகச் சொன்ன தடவைகளில் அதோடு சேர்ந்து தப்பான பதில் வந்தது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம், ஆனால் கலந்துகொண்டவர்களில் நான்கில் ஒருவர் ஒரு தடவைகூட வளைந்து கொடுக்கவில்லை. சராசரியை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இவர்கள் தெரியவே மாட்டார்கள்.

அப்புறம் 2015. உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 'குறிப்பிடத்தக்க முடிவு' (வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவு) காட்டியவை, மறுபடி செய்தபோது அப்படி வந்தது 36 சதவீதம்தான், சமூக உளவியலை மட்டும் பார்த்தால் இன்னும் குறைவு. ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு காரணம் மிக எளிய நிகழ்தகவுக் கணக்கு. விளைவே இல்லாத இடத்தில் 0.05 அளவுகோலை (தற்செயலாகத் தேறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து) வைத்து ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்து பார்த்தால், ஒன்றாவது தற்செயலாகத் 'தேறிவிடும்' வாய்ப்பு சுமார் 64 சதவீதம். தேறியதை மட்டும் வெளியிட்டால் போதும், புதுக் கண்டுபிடிப்பு தயார்.

இதெல்லாம் வகுப்பில் எங்கே வருகிறது? சமூக உளவியல் ஒரு செமஸ்டரில், புள்ளியியல் வேறொரு செமஸ்டரில், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. அங்கே "ஆஷ் சோதனையை விளக்குக", இங்கே பத்து எண்களைக் கொடுத்துத் திட்ட விலக்கம் காண்க, அவ்வளவுதான். அந்த எண்கள் யாருடையவை, எதற்காக எடுத்தவை என்று கேள்வித்தாளிலும் இருக்காது. எங்கள் ஆசிரியர் ஒருவர் மட்டும் மில்கிராமின் எண்களைக் கரும்பலகையில் எழுதி நீங்களே பாருங்கள் என்று விட்டார். கணக்கென்றாலே பயப்படும் என் தோழிதான் முதலில் எழுந்து "மேடம், இதில் பெண்கள் யாருமே இல்லையா?" என்று கேட்டாள். மாதிரி எடுத்தல் (ஆய்வுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது) என்ற பாடம் முழுக்க அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது, அதற்குச் சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பல்கலைக்கழகங்கள் இரண்டு பேப்பரையும் சேர்த்துக் கற்பிக்க முன்வர வேண்டும். செலவு என்று தட்டிக்கழிக்க முடியாது: ஜாஸ்ப் (JASP), ஆர் (R) போன்ற புள்ளியியல் மென்பொருள்கள் இலவசம், அந்த 2015 ஆய்வின் தரவுகளும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை உயர்கல்வி வழிகாட்டி வெளியிடும்போது, உளவியலில் புள்ளியியல் உண்டு என்று தெளிவாகப் போடுங்கள். பயமுறுத்த வேண்டாம், நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடமான புள்ளியியலும் நிகழ்தகவும் ஒழுங்காகப் புரிந்திருந்தால் தைரியமாகத் தொடங்கலாம் என்பதையும் கூடவே போடுங்கள். சேருவதற்கு முன்பே அந்தப் பாடத்தை ஒருமுறை புரட்டிவிட்டு வருவார்கள்.

இப்படிக்கு,
உளவியல் மாணவி, திருச்சி