ஊடக ஆய்வியல் மேற்படிப்பு: விண்ணப்பத்தில் எழுத வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கல்விப் பக்கங்களில் ஊடக ஆய்வியல் மேற்படிப்பு பற்றி வரும் குறிப்புகள் பெரும்பாலும் கடைசித் தேதியோடு நின்றுவிடுவதால், அதை இதழியல் பயிற்சியின் மறுபெயராகவே கருதும் மாணவர்கள், ஏன் சேர விரும்புகிறோம் என்று விளக்கும் நோக்க அறிக்கையில் கேமரா, படத்தொகுப்பு, செய்தி வாசிப்பு ஆகியவற்றில் தங்களுக்குள்ள ஆர்வத்தை மட்டுமே விரித்து எழுதுகிறார்கள். 1964இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹோகார்ட் தொடங்கி, பின்னர் ஸ்டூவர்ட் ஹால் வழிநடத்திய பண்பாட்டு ஆய்வு மையத்தின் தாக்கத்தைப் பெரிதும் பெற்ற இத்துறையோ, செய்தியை எப்படித் தயாரிப்பது என்பதைவிட, அதை யார், எவருடைய முதலீட்டில் தயாரிக்கிறார்கள், பார்ப்பவர் அதற்கு என்ன பொருள் கொள்கிறார் என்ற கேள்விகளையே முதன்மையாக எழுப்புகிறது. (செய்முறைக்கும் இடம் தரும் படிப்புகள் உண்டு, பாடத்திட்டத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.)

ஆகவே, சிறுவயது முதலே சினிமா பிடிக்கும் என்று தொடங்கும் அறிக்கையைவிட, ஒரு குறிப்பிட்ட ஆய்வுக் கேள்வியை முன்வைத்து, விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியரின் ஆய்வோடு அது பொருந்தும் என்று விளக்கும் அறிக்கையே தேர்வுக் குழுவிடம் எடுபடும் என்பது என் கருத்து. முனைவர் பட்டத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். விண்ணப்பத்துடன் இணைக்கும் எழுத்து மாதிரியாகப் பொதுவாகக் கேட்கப்படுவது ஆய்வுக் கட்டுரையே. பரிந்துரைக் கடிதத்துக்கும், பெயர்பெற்ற செய்தியாளரைவிட மாணவரின் கட்டுரைகளைத் திருத்திய ஆசிரியரே ஏற்றவர். அவரிடம் கடைசி வாரத்தில் போய் நிற்காமல், அறிக்கையின் வரைவுடன் முன்கூட்டியே கேட்பது நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்