உருண்டை எந்தப் பக்கம் சுற்றுகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில், கேலிச்சித்திரங்களிலும் சினிமாவிலும் வரும் உலக வரைபடங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் நிறையத் தேடிப் படித்திருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் கடைசியில் அவர் வந்து நின்ற இடம் எனக்கு ஒத்துவரவில்லை. ஓவியர்கள் வரைபடத்தை இஷ்டத்துக்கு வளைப்பதாலும் வெட்டுவதாலும் பிள்ளைகள் மனதில் பூகோளம் தப்பாகப் பதிகிறது, அதை நிறுத்த வேண்டும் என்கிறார். இது என்ன நியாயம்? வளைப்பதுதானே அவர்கள் தொழில்! என் கண்ணை உறுத்தியது வேறு. அதே கட்டுரைக்கு மேலே நீங்கள் போட்டிருந்த படத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. அதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடங்களுக்கு உலக உருண்டை செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவன். உருண்டையில் ஒட்டுவதற்கான உலகப் படம் செவ்வகத் தாளாக வராது. நடுவில் அகன்று இரண்டு முனையும் கூராக, மேலிருந்து பார்த்த படகு போல, பன்னிரண்டு பட்டைகளாக அச்சாகி வரும். ஒவ்வொன்றும் 30 பாகை தீர்க்கரேகை அகலம். பசை பட்டதும் தாள் ஈரத்தில் நீளும். எவ்வளவு நீளும் என்பது விரலுக்குத்தான் தெரியும். நீவி நீவி ஒட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் பட்டை இம்மி பிசகினாலும் கடைசிப் பட்டை ஒட்டும்போது நிலநடுக்கோடு நடுவில் ஒடிந்து நிற்கும். அப்புறம் பன்னிரண்டு முனைகளும் வந்து கூடும் துருவம். எப்பேர்ப்பட்ட கை ஒட்டினாலும் அங்கே கசங்கல் இருக்கும், அதை மறைக்க மேலே வட்டமாக ஒரு சின்னத் துண்டு. வட துருவத்தில் நிலமே இல்லாமல் கடலாகப் போனது எங்கள் தொழிலுக்கு எவ்வளவு வசதி என்று உங்களுக்குத் தெரியாது.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். வளைந்த கை வைத்த தாங்கியில் ஓர் உருண்டை. கை அழகாகச் சாய்ந்திருக்கிறது, பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதைக் காட்டத்தான் அப்படிச் செய்வார்கள். சரி. ஆனால் உருண்டைமேல் இருக்கும் கண்டங்கள் சாயவே இல்லை. சுவரில் மாட்டிய மேப்பைப் போல ஆப்பிரிக்கா நேராக நிற்கிறது. விளைவு, உருண்டையைத் தாங்கியோடு பிடித்திருக்கும் மேல் ஆணி துருவத்தில் இல்லை, சைபீரியாவில் இறங்கியிருக்கிறது. கீழ் ஆணி அண்டார்க்டிகாவின் ஓரத்தில். இந்த உருண்டையைச் சுழற்றினால் நிலநடுக்கோடு மேலும் கீழுமாக ஆடும், வட துருவம் சைபீரியாவைச் சுற்றிக்கொண்டு வரும். ஓவியர் தாங்கியை ஓரிடத்திலிருந்தும் உலகப் படத்தை வேறோரிடத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்திருப்பார் என்று நினைக்கிறேன். உங்கள் பத்திரிகையில் மட்டும் நடப்பதில்லை இது. பாடப்புத்தக அட்டை, பயண நிறுவன விளம்பரம், சிறுவர் கார்ட்டூனில் வரும் வாத்தியார் மேஜை என்று எங்கே பார்த்தாலும் பாவம், சைபீரியாவில் ஆணி.

அடுத்தது, சுழலும் உருண்டை. வடக்கு மேலே இருக்கும்படி பூமியைப் பார்த்தால், நம் கண் முன்னே நிலப்பரப்பு இடமிருந்து வலமாக நகர வேண்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது, கிழக்கு வலப்பக்கம், அவ்வளவுதான் கணக்கு. ஆனாலும் தொலைக்காட்சிச் செய்திகளின் தொடக்கத்தில் உருண்டை எதிர்ப்பக்கம் சுற்றுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் ஜான் ஸ்டூவர்ட் நடத்திய 'தி டெய்லி ஷோ'விலும் இதே கதை. வானியல் அறிஞர் நீல் டிகிராஸ் டைசன் விருந்தினராகப் போனபோது, உங்கள் நிகழ்ச்சியின் உருண்டை தப்புத் திசையில் சுற்றுகிறது என்று நேருக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

இதைச் சொல்லும்போதே 1978-ல் வந்த சூப்பர்மேன் படமும் ஞாபகம் வருகிறது. அதில் நாயகன் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, அது சுழலும் திசையையே மாற்றி, காலத்தைப் பின்னுக்கு இழுத்து, செத்துப்போன காதலியை மீட்கிறான். அறிவியலாகப் பார்த்தால் அபத்தம். ஆனால் உருண்டை பின்பக்கம் சுற்றுகிறது என்று பார்ப்பவருக்குப் புரிந்தால்தான் அந்தக் காட்சியே நிற்கும். எது முன், எது பின் என்று படம் எடுத்தவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரிய வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான் ஐயா. தெரிந்து தப்பாகப் போடுவது ஒரு கலை. தெரியாமல் போட்டால் அந்தக் கலைக்கும் சேர்த்துக் கேடு, ஏனென்றால் எது கிண்டல், எது அசட்டை என்று வாசகருக்குப் பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது.

கட்டுரையாளர் குறை சொன்ன படங்களையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே 1805-ல் வரைந்த படத்தில், இங்கிலாந்துப் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து உலகத்தையே புட்டிங்காக வெட்டித் தின்கிறார்கள். பூமியை உணவாக்கிக் கேவலப்படுத்திவிட்டார் என்பது கட்டுரையாளர் வருத்தம். அந்தப் படத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பிட் கையில் இருப்பது திரிசூலம் மாதிரியான முள்கரண்டி, கடல் தேவனின் ஆயுதம். அவர் வெட்டுவது அட்லாண்டிக் பக்கம், அதாவது கடல். நெப்போலியன் வாளால் வெட்டுவது ஐரோப்பா. அவரைக் குட்டையாக வரைந்திருப்பதால் மேஜை எட்டாமல் நாற்காலியிலிருந்து எழும்பி நிற்கிறார். கடல் ஒருவருக்கு, நிலம் ஒருவருக்கு என்ற அன்றைய அரசியல் முழுவதும், எந்தக் கத்தி எந்த இடத்தில் இறங்குகிறது என்பதில் இருக்கிறது. கில்ரேக்கு ஐரோப்பாவை உருண்டையில் சரியாக வைக்கத் தெரியாமல் இருந்திருந்தால் அந்தப் படத்துக்கு ஏது வேலை?

பிரெட் ரோஸ் 1877-ல் வெளியிட்ட ஐரோப்பா வரைபடமும் அப்படித்தான். ரஷ்யா ஒரு பெரிய ஆக்டோபஸ், எட்டின பக்கமெல்லாம் கையை நீட்டுகிறது. கிரிமியப் போரில் வாங்கிய அடியை மறந்துவிட்டது என்று படத்தின் விளக்கத்தில் கிண்டல் வேறு. அந்தப் படத்தின்மேல் எனக்கு வேறு விதமான மனத்தாங்கல் உண்டு. ஒரு நாட்டு மக்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே பிராணியாக்கும் வழக்கத்துக்கு அது தாராளமாக வழிவிட்டது. 1904-ல் ஜப்பானில் இதே யோசனையை எடுத்து ரஷ்யாவைக் கறுப்பு ஆக்டோபஸாக வரைந்தார்கள். அதற்கப்புறம் யாருக்கு யார் எதிரியோ அவர் ஆக்டோபஸ். இதைக் கட்டுரையாளர் கண்டித்திருந்தால் கைதட்டியிருப்பேன். அவரோ கடற்கரைக் கோடு சரியில்லை என்கிறார்!

சால் ஸ்டைன்பெர்க் 1976 மார்ச்சில் 'நியூ யார்க்கர்' இதழுக்குப் போட்ட அட்டைப்படம் எல்லோருக்கும் தெரிந்தது. பாதிப் படம் நியூயார்க்கின் இரண்டு தெருக்களுக்கே சரியாகப் போய்விடுகிறது. அப்புறம் ஹட்சன் ஆறு. அதைத் தாண்டினால் மிச்ச அமெரிக்கா முழுவதும் ஒரு துண்டு நிலம், அதற்கப்பால் பசிபிக் ஒரு வாய்க்கால் அகலம், கடைசியில் சீனா, ஜப்பான், ரஷ்யா என்று மூன்று மேடுகள். அளவுத்திட்டம் என்று ஒன்று இருக்கிறது என்பது தெரிந்தவருக்குத்தான் இதில் சிரிப்பு வரும். எத்தனை ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை வைத்து இதைக் காப்பியடித்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒரு சினிமாக் கம்பெனி போஸ்டரில் காப்பியடித்தபோது ஸ்டைன்பெர்க் வழக்குப் போட்டு 1987-ல் ஜெயித்தார்.

சாப்ளினைக் கட்டுரையாளர் பாராட்டியிருக்கிறார், அதுவரைக்கும் சந்தோஷம். 'தி கிரேட் டிக்டேட்டர்' 1940-ல் வந்தது. சர்வாதிகாரி தாங்கியிலிருந்து உருண்டையைத் தூக்குகிறான், அது பலூன். கையால் தட்டுகிறான், தலையால் முட்டுகிறான், மேஜைமேல் ஏறிப் படுத்துக்கொண்டு பின்புறத்தால் எத்தி விடுகிறான். கடைசியில் முகத்துக்கு நேரே வெடிக்கிறது. அந்த அளவு உருண்டைகளைச் சுமந்து அடுக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவை நல்ல கனம். கனமாக இருக்க வேண்டியது காற்றில் மிதப்பதுதான் அவன் பைத்தியத்தைக் காட்டுகிறது. அந்த பலூனில் நாட்டு எல்லைகள் சரியா என்று யாராவது பார்ப்பார்களா? பார்க்கத் தேவையும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, எல்லாக் கோடும் சரியாக இருந்தும் ஆளை ஏமாற்றும் படங்கள் உண்டு. உலகத்தின் இடது ஓரத்தில் அமெரிக்கக் கழுகு, வலது ஓரத்தில் ரஷ்யக் கரடி, நடுவில் ஐரோப்பாவின் தலைக்கு மேலாக இரண்டும் ஒன்றையொன்று பார்த்து உறுமும் கார்ட்டூனைச் சொல்கிறேன். வருடத்துக்குப் பத்தாவது வந்துவிடும். தட்டையான மேப்பில் பார்த்தால் அவை இரண்டும் உலகத்தின் இரண்டு கோடிகள். உருண்டையை ஒரு திருப்புத் திருப்பினால் அடுத்தடுத்த வீடு. பெரிங் நீரிணையின் குறுகிய இடம் 90 கிலோமீட்டர் கூட இல்லை. அதன் நடுவில் இருக்கும் இரண்டு டயோமீட் தீவுகளில் பெரியது ரஷ்யாவுடையது, சின்னது அமெரிக்காவுடையது. இரண்டுக்கும் இடைவெளி 4 கிலோமீட்டருக்கும் குறைவு. இப்போது கழுகும் கரடியும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு, எதிரியை உலகம் முழுக்கத் தேடுவதாக வரைந்தால் எப்படியிருக்கும்? உங்கள் ஓவியர் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும், வழக்குப் போட மாட்டேன்.

மக்கள்தொகைச் செய்திக்கெல்லாம் நீங்கள் போடும் அந்த மெர்கேட்டர் மேப்பையும் மாற்றினால் நல்லது. 1569-ல் மெர்கேட்டர் என்பவர் அதைப் போட்டது, திசைகாட்டி வைத்துக் கப்பல் ஓட்டுபவர்களுக்காக. ஒரே திசையில் போகும் பாதை அதில் நேர்கோடாக வரும், அதற்காகத் துருவப் பக்கம் எல்லாம் ஊதிப் பெருக்கும். கிரீன்லாந்தைவிட ஆப்பிரிக்கா ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. மேப்பிலோ இரண்டும் ஒரே அளவு. எது எங்கே எவ்வளவு என்று காட்டும் செய்திக்குப் பரப்பளவு கெடாத படம்தான் பொருத்தம், எத்தனையோ இருக்கிறது.

கிரேக்கப் புராணத்தில் வானத்தைச் சுமக்க வேண்டிய அட்லஸ் தோளில் பூமியை ஏற்றிவிட்டதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய பளிங்குச் சிலையில் அவன் தூக்கி நிற்பது நட்சத்திர மண்டலங்கள் செதுக்கிய வான உருண்டை. ஆனால் கார்ட்டூன் போடுபவர்களுக்குப் பூமிதான் கைக்கு வருகிறது, அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். வாயில் தெர்மாமீட்டர் வைத்து, நெற்றியில் துணி போட்டுப் படுக்க வைத்த பூமி மட்டும் போதும் போதும் என்றாகிவிட்டது. அர்ஜென்டினாவின் கீனோ தன் 'மஃபால்டா' படக்கதையில் உலக உருண்டையை நோயாளியாக்கியே அரை நூற்றாண்டு ஆகிறது.

கட்டுரையாளர் அடுத்த வாரம் விளையாட்டுகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் 'ரிஸ்க்' பலகையைப் பற்றி மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். 1957-ல் பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ஆல்பெர் லாமொரீஸ் கொண்டுவந்த விளையாட்டு அது. 42 பிரதேசங்கள், நாட்டு எல்லைகள் எல்லாம் அவர் இஷ்டப்படி. கட்டுரையாளர் பார்த்தால் கோபம் வரும். ஆனால் அதன் வலது ஓரத்தில் இருக்கும், ரஷ்யாவின் கிழக்குக் கோடியான கம்சட்காவிலிருந்து இடது ஓரத்தில் இருக்கும் அலாஸ்கா மேல் படை ஏவலாம், விதி அப்படி. முதல் தடவை விளையாடும் பிள்ளைகள் அலாஸ்காவைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டு, முதுகுப் பக்கமிருந்து அடி வாங்குவார்கள். அடுத்த ஆட்டத்தில் விட மாட்டார்கள்.

இப்படிக்கு,
உலக உருண்டைப் பட்டறையின் முன்னாள் தொழிலாளி