தீக்குழியில் நடந்து காட்டும் தோழர்களுக்கு

பகுத்தறிவுப் பரப்புரைக் குழுத் தோழர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்தால் அம்மன் கோயில்களில் தீமிதி தொடங்கிவிடும். நீங்களும் தீக்குழியில் நடந்து, ‘அற்புதங்களின்’ சூட்சுமத்தை விளக்கும் ‘மந்திரமா, தந்திரமா’ நிகழ்ச்சிகளுக்குத் தேதி குறிப்பீர்கள். அவை கட்டாயம் நடக்க வேண்டும். ஆனால் குழியைக் கடந்த கையோடு ஒலிபெருக்கியில் “பார்த்தீர்களா, கடவுள் இல்லை” என்று முழங்குகிறீர்களே, அந்த ஒரு வரியை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தீயில் கால் ஏன் சுடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், மேலே படிந்த சாம்பல் அதை இன்னும் தடுக்கும். ஒவ்வோர் அடியும் ஒரு நொடிக்கும் குறைவாகவே கங்கின்மேல் இருப்பதால், தோல் வெந்துபோகுமுன் கால் எழுந்துவிடுகிறது. கொப்புளம் வந்தால் அதற்கும் காரணம் உண்டு. கங்கில் ஆணியோ கல்லோ கலந்திருக்கும், அல்லது விறகு முழுதும் கங்காகாமல் சுவாலை மிச்சமிருக்கும். பரப்பு தடிமனாக இருந்தால் பாதம் புதையும். ஈரக்காலில் கங்கு ஒட்டி விரலிடுக்கில் சிக்கும். ஓடினால் முன்பாதம் ஆழமாக இறங்கும், ஆகவே சீராக நடக்க வேண்டும். இவ்வளவையும் கூட்டத்துக்கு விளக்குங்கள்.

இதனால் நிறுவப்படுவது ஒன்றுதான்: தீயில் நடக்க அருள் தேவையில்லை. அருளே கிடையாது என்பது இதிலிருந்து வராது. கூட்டத்தில் நிற்கும் அம்மா, “நீங்க நடந்தது வித்தை. நான் எம் புள்ளைக்கு உடம்பு தேறினதுக்கு வேண்டிக்கிட்டு எறங்குனேன்” என்பார். அவர் காப்புக் கட்டி, விரதமிருந்து, மஞ்சள் சேலை உடுத்திக் குழியில் இறங்குவது இயற்பியலை வென்று காட்ட அல்ல, நேர்த்திக்கடனைத் தீர்க்க. ‘ஆத்தா சுடவிடமாட்டா’ என்ற நம்பிக்கையும் அவரிடம் உண்டுதான். உங்கள் நடை அதை மட்டுமே தொடுகிறது. மீதியைத் தொடாமலேயே அவரை முட்டாள் என்றால், தொட்டதும் வீணாகிவிடும்.

அற்புதத்தையே சரக்காக வைத்துப் பணம் பிடுங்கும் சாமியாரிடம் கதை வேறு. அங்கே செய்முறைதான் வாதம். வெறுங்கையில் வரவழைக்கும் விபூதி, சோற்றுக் கஞ்சியில் பிசைந்து உலர்த்திய சிறு உருண்டை. கட்டைவிரல் இடுக்கில் மறைத்து நசுக்கினால் கொட்டும். எலுமிச்சையில் ‘இரத்தம்’ வருவது கத்தியில் முன்பே தேய்த்த செம்பருத்திச் சாறு புளிப்பில் சிவப்பதால். தீக்குச்சி இல்லாமல் பற்றும் ஓமத்தில் ‘நெய்’ என்று ஊற்றப்படுவது கிளிசரின், அடியில் இருப்பது பொட்டாசியம் பெர்மாங்கனேட். கிளிசரின் குளிர்ந்திருந்தால் தாமதிக்கும், பொடி நைசாக இருந்தால் சட்டென்று பற்றும். பற்றவில்லையே என்று குனிந்து பார்ப்பவருடைய முகத்துக்குத்தான் ஆபத்து.

இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் ஒரு லட்சம் ரூபாய் சவால் விட்டபோது, கடவுளை நிரூபியுங்கள் என்று கேட்கவில்லை. உறைக்குள் வைத்து ஒட்டிய ரூபாய் நோட்டின் எண்ணைப் படியுங்கள் என்பது போன்றவற்றையே கேட்டார். சோதிக்க முடிந்ததை மட்டும் கேட்டதால் வாய்ப்பேச்சில் நழுவ இடமிருக்கவில்லை. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்ததாக இந்தியாவே கோயில்முன் வரிசையில் நின்றபோது, விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து காட்டினார்கள். கரண்டியிலிருந்து பரப்பு இழுவிசையால் ஏறிய பால், சிலையின்மேல் மெல்லிய படலமாக வழிந்தது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த முறை அந்தக் கரண்டியைப் பக்தர் கையிலேயே கொடுங்கள். தன் கையால் செய்து பார்த்ததை யாரும் எளிதில் மறுப்பதில்லை.

பக்தர்களில் பலர் நம்மைத் திமிர் பிடித்தவர்கள் என்றோ, ஏதோ அடிபட்டு வெறுத்துப்போனவர்கள் என்றோ நினைக்கிறார்கள். நம்மில் பலர் அவர்களை ஏமாளிகள் என்கிறோம். இரண்டும் ஒரே பிழை: எதிரே நிற்பவர் யோசித்தே இந்த முடிவுக்கு வந்திருக்கக்கூடும் என்பதை ஏற்க மறுப்பது. பெரியார் சிலைப் பீடங்களில் உள்ள கடவுள் மறுப்பு வாசகங்கள் இருக்கலாம் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமையை விட்டுத்தரக் கூடாது. ஆனால் சொல்லும் உரிமை வேறு, சொன்னது எடுபடுவது வேறு.

எடுபட்டது எது என்று பாருங்கள். கடவுளை மறுத்த பெரியார், கருவறைக்குள் எல்லாச் சாதியாரும் போகும் உரிமைக்காகக் கிளர்ச்சி அறிவித்தார். 1970இல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சட்டத் திருத்தம் வந்தது. 2021இல் பல சாதிகளைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற பக்தர்கள் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டார்கள். நம்பாதவர் கேட்ட நியாயத்தை நம்புகிறவர்களும் தங்கள் நியாயமாக எடுத்துக்கொண்டார்கள். சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் கொள்கையில் எதிரெதிரே நின்றுகொண்டே மதித்துப் பழக முடிந்ததும் இப்படிப்பட்ட பொது நியாயங்களால்தான்.

ஆகவே இந்த ஆடியில் நிகழ்ச்சியைக் கொஞ்சம் மாற்றி அமையுங்கள். செய்முறைகளை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, கடைசி அரை மணியைக் கேள்விக்கு ஒதுக்குங்கள். மைக்கைக் கேட்பவர் கையில் கொடுத்து, அவர் முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். “நீங்கள் நம்புவது எதை, அதில் எதை நான் இப்போது சோதித்தேன்?” என்று அவரிடமே கேளுங்கள். சோதிக்காத பகுதியைச் சோதிக்கவில்லை என்று மேடையிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். தீக்குழி நடைக்குக் கூட்டத்திலிருந்து ஆள் அழைத்தால் குடித்தவரையும் சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவரையும் இறக்காதீர்கள். குழியின் இரு முனையிலும் தண்ணீர் வையுங்கள், நடந்து முடித்த பிறகு கழுவ.

தோழமையுடன்,
உங்களோடு மேடையில் நிற்பவர்கள்